தலையணையில் ஒரு எலுமிச்சம்பழம்

எங்க வீட்டுல எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமே கிடையாது. எங்கண்ணன் புளியங்குடியில எலுமிச்சை மண்டி வச்சிருக்கான். லாரியில ஏறாம கழிச்சுப் போட்ட பழத்தை எல்லாம் சாக்குல கட்டி, வாரம் ஒருதடவை தென்காசி பஸ்ஸுல போட்டு விட்டுருவான். ஊறுகாய் போட்டது போக, சாதம் கிளறினது போக, பாத்திரம் தேய்ச்சது போக இன்னும் மிச்சம் கிடக்கும். நான் வீட்டு முன்ரூமுலயே ரவிக்கை தைக்கிறவ. துணி குடுக்க வாரவ கையில ரெண்டு பழத்தைத் திணிச்சுத்தான் அனுப்புவேன்.

இதை ஏன் முதல்ல சொல்லுதேன்னா, எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கிடைச்ச ஒரே நல்ல வேலை போனது எலுமிச்சம்பழத்தாலதான்.

அவுக இருபது வருஷம் ராணுவத்துல இருந்தாக. எங்க பக்கத்துல தெருவுக்கு நாலு பேர் ராணுவமோ போலீஸோதான், அது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஆனா இவுக இருந்தது கமாண்டோ படையில. விமானத்துல இருந்து குதிக்கணும், தண்ணிக்கடியில போவணும், பனியில அசையாம கிடக்கணும். பயிற்சிக்குப் போற பாதிப் பேரு பாதியிலயே திரும்பி வந்துருவானுகளாம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அங்க என்ன செஞ்சாகன்னு கேட்டா "டூட்டி"ன்னு ஒரே வார்த்தை. "குதிக்கும்போது பயமா இருக்காதா அத்தான்?"னு கல்யாணமான புதுசுல ஒருதடவை கேட்டேன். "பழகிரும்"னாக. அத்தை மகன்தான், சின்ன வயசுல இருந்து தெரிஞ்ச ஆளுதான். ஆனா பட்டாளத்துக்குப் போன பிறகு எனக்குத் தெரியாத ஆளாயிட்டாக.

அவுக பையைப் பத்தியும் சொல்லிரணும். பச்சைக் கித்தான் பை. லீவுல வந்திருந்தாலும் அது பாதி கட்டினபடியே கட்டில் பக்கத்துல இருக்கும். ரெண்டு ஜிப்பையும் சேத்து ஒரு சின்னப் பூட்டு. சாவி கழுத்துக் கயித்துல முருகன் டாலரோட தொங்கும். குளிக்கப் போனாலும் பூட்டிட்டுத்தான் போவாக. "உள்ள என்ன, தங்கமா வச்சிருக்கு?"ன்னு கேட்டதுக்கு, "பழக்கம்"னு சொன்னாக. அந்தப் பையைப் பூட்டு இல்லாம நான் பாத்ததே கிடையாது.

பென்ஷன் வாங்கிட்டு ஒரேயடியா வீட்டுக்கு வந்த புதுசுல எனக்கு உசிரு போய் உசிரு வந்தது. காரணம் வேற ஒண்ணும் இல்ல, அவுக நடந்தா சத்தம் கேக்காது. அடுப்படியில நிப்பேன், திரும்பினா பின்னால நிப்பாக. ஒருநாள் ரசச்சட்டியைக் கீழ போட்டுட்டேன். "மனுசரு மாதிரி நடந்து வாங்க அத்தான், இல்லன்னா செருமிக்கிட்டாவது வாங்க"ன்னு கத்தினேன். அன்னையில இருந்து ஒரு ரூமுல இருந்து இன்னொரு ரூமுக்கு வந்தாலும் வாசல்ல ஒரு செருமல். பக்கத்து வீட்டுக்காரி, "அண்ணாச்சிக்கு நெஞ்சுச் சளியா?"ன்னு விசாரிச்சா.

பென்ஷன் வரத்தான் செய்யுது, இல்லன்னு சொன்னா வாய் வெந்துரும். ஆனா வீட்டுக் கடன் இருக்கு, பிளஸ் டூ படிக்கிற மக நர்சிங் போவணுங்கா. அதையெல்லாம் விடுங்க. நாப்பது வயசு கூட ஆகாத ஒரு ஆம்பள, விடியுமுன்னால எந்திரிச்சு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, போறதுக்கு ஒரு இடம் இல்லாம நாற்காலியில உக்காந்திருக்கதைப் பாக்க எனக்குச் சகிக்கல.

வேலைக்கு எழுதிப் போட பயோடேட்டா அடிக்கணும்னு கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். "இத்தனை வருஷம் என்ன வேலை பாத்தாங்கன்னு போடணுமேக்கா"ன்னு அங்க இருந்த பிள்ளை கேட்டா. இவுக யோசிச்சாக, யோசிச்சாக, அந்தப் பிள்ளை ரெண்டு பேருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டு வந்து உக்காந்துட்டா. கடைசியில, "ரோந்து, காவல்னு போடுங்கம்மா"ன்னாக. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ரோந்து, காவல்னு போட்டா வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிடாம கலெக்டர் வேலைக்கா கூப்பிடுவான்?

அப்படியேதான் கூப்பிட்டான். ஒரு பெரிய ஜவுளிக்கடை. நீல உடுப்பும் ஒரு விசிலும் குடுத்தாங்க. கார் வந்து நின்னா கதவைத் திறந்துவிட்டு சல்யூட் அடிக்கணும். இவுக கதவைத் திறந்துவிட்டாக, குடை பிடிச்சாக, பையைத் தூக்கிட்டுப் போய் டிக்கியில வச்சாக. சல்யூட் மட்டும் அடிக்கல. "தலையில தொப்பி இல்லாம சல்யூட் கிடையாது சார்"னு மேனேஜர்கிட்ட சொல்லியிருக்காக. அவரும் நல்ல மனுசந்தான் போல, மறுநாளே ஒரு தொப்பி வாங்கிக் குடுத்துட்டாரு. அப்பவும் அடிக்கல. "இப்ப என்னய்யா குறை?"ன்னு கேட்டிருக்காரு. "அது ஆபீசருக்கு அடிக்கிறது சார். சேலை எடுக்க வாரவங்களுக்கு வணக்கம் சொல்லுதேன்." மேனேஜர் என்ன செய்வாரு பாவம், கணக்கை முடிச்சு அனுப்பிட்டாரு.

அதுக்குப் பிறகு ஒரு பயிற்சி மையம். போலீசுக்கும் ராணுவத்துக்கும் ஆள் எடுக்கும்போது பையன்களைத் தயார் பண்ணுத இடம். எங்க ஊருப் பக்கம் டீக்கடைக்கு அடுத்தபடி அதுதான் அதிகம். இவுக அந்தப் பையன்களைக் காலையில மைதானத்துல ஓடவிட்டு நல்லாத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக. ஆனா அதை நடத்துதவருக்கு ஓட்டம் மட்டும் போதாது. "எத்தனை பேரைச் சுட்டீங்க, எல்லைக்கு அங்கிட்டு எப்படிப் போனீங்க, அதைக் கொஞ்சம் விறுவிறுப்பாப் பேசுங்க, வீடியோ எடுத்துப் போட்டா அட்மிஷன் பிச்சுக்கிட்டுப் போகும்"னு சொல்லியிருக்காரு. அந்த வீடியோவை நானும் பாத்தேன். இவுக கேமரா முன்னால விறைப்பா நிக்காக. "டூட்டி பண்ணினேன். நீங்களும் நல்லா ஓடுங்க"ங்காக. இறங்கிப் போயிருதாக. அவ்வளவுதான் வீடியோ. அந்த வேலையும் போச்சு.

இந்த நேரம் பாத்துத்தான் கொச்சியில இருந்து போன் வந்தது. பட்டாளத்துல கூட இருந்த ஒருத்தரு, இவுகளுக்கு முன்னாலயே வெளிய வந்தவரு. கப்பல்ல துப்பாக்கி பிடிக்கிற வேலையாம். கடல் கொள்ளைக்காரன் நடமாடுத வழியில சரக்குக் கப்பல் போகும்போது காவலுக்குக் கூடப் போவணும். ஒருதடவை ஏறினா மாசக்கணக்கா கடல்லதான். சம்பளத்தைக் கேட்டா எங்கண்ணனே வாயைப் பொளந்துருவான். இவுக போன்ல இந்தி பேசினாக. அந்த முகத்துல ரொம்ப நாள் கழிச்சு ஒரு தெளிவைப் பாத்தேன். 

"நீங்க கப்பலுக்குப் போனா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க"ன்னு சொன்னேன். எங்க போவேன்னு எனக்கே தெரியாது. ஆனா சொல்லாம இருக்க முடியல. போன் அடிச்சாலே நெஞ்சு திக்குனு ஆகும், அப்படித்தான் நான் வாழ்ந்தேன். மகளுக்குக் காய்ச்சல்னா தூக்கிட்டு ஓடினது நான், மாமனாரு சாவுக்கு முன்னால நின்னது நான், வீடு கட்டும்போது கொத்தனார்கிட்ட மல்லுக்கு நின்னது நான். போதும். எனக்கு என் ஆளு வேணும். அதை அப்படியே மூஞ்சிக்கு நேரா சொன்னேன்.

அவுக சத்தம் போடல. "சீசன் முடியட்டும்ட்டி. அதுக்குள்ள இங்கன ஒரு வேலை அமைஞ்சா போகல. அமையலன்னா போறேன்"னாக. குத்தாலத்துல அப்பத்தான் சாரல் ஆரம்பிச்சிருந்தது.  ஆடி முடியறதுக்குள்ள ஒரு வேலை, அது ஒண்ணுதான் என் நெனைப்பு. முன்ரூமுல உக்காந்து மெஷினை மிதிக்கும்போதும் அதேதான்.

எங்கண்ணன்தான் வழி பண்ணினான். குத்தாலத்துல மலையடிவாரத்துல ஒரு ரிசார்ட்டு. அதுக்கு எலுமிச்சம்பழம் எங்கண்ணன் மண்டியில இருந்துதான் போகும். முதலாளிகிட்ட பேசி, காவலுக்கெல்லாம் மேல சூப்பர்வைசர் மாதிரி ஒரு வேலைக்குச் சொல்லி வச்சான். முதலாளியும் இவுகளைப் பாத்ததும் பிடிச்சுப்போய், உக்கார வச்சுப் பேசியிருக்காரு. "ஆறு காவலாளி இருக்கான், கேமரா இருக்கு, சுத்துச்சுவர் இருக்கு. ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்ல. யாருகிட்டயும் சொல்லாதீங்க. ரெண்டு நாள் செக் பண்ணி, எங்க ஓட்டை இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க. அப்புறம் நீங்கதான் இங்க எல்லாம்." இதைத்தான் அவரு சொன்னாரு. நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க. இவுக அதை அப்படியே ஆர்டரா எடுத்துக்கிட்டாக.

வீட்டுக்கு வந்தவுக அன்னைக்கு ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டாக. என் மகளுக்கே ஆச்சரியம், அப்பா சீட்டி அடிக்காகம்மான்னு வந்து என் காதுல சொல்லுதா. எனக்கும் நிம்மதி. அண்ணனுக்குப் போன் போட்டு, "நீ அனுப்புத மூட்டைப் பழத்துக்கு இன்னைக்குத்தாம்லே பலன் கிடைச்சிருக்கு"ன்னு கிண்டல் பண்ணினேன்.

ரெண்டாம் நாளு ஆடி அமாவாசை. நான் படையலுக்கு அவியல், பருப்பு, வடைன்னு அடுப்புல வெந்துக்கிட்டு இருக்கேன். இவுக வந்தாக, செருமினாக, சாக்குல கையை விட்டு நல்ல பழமா அஞ்சு எடுத்துத் துடைச்சாக. "எதுக்கு அத்தான்?"னேன். "வேலைக்கு வேணும்"னாக. ரிசார்ட்டு வாசல்ல திருஷ்டிக்குக் கட்ட முதலாளி கேட்டிருப்பாருன்னு நான் நெனைச்சுக்கிட்டேன். அமாவாசை ஆச்சே. இன்னும் நாலு சேத்து எடுத்துட்டுப் போங்கன்னு சொன்ன புண்ணியவதியும் நான்தான்.

அங்க நடந்ததுல பாதி அவுக சொன்னது, பாதி அங்க பாத்திரம் தேய்க்கிறவ சொன்னது. அவ என்கிட்டதான் ரவிக்கை தைப்பா.

மத்தியானம். அருவியில அமாவாசைக் கூட்டம், ரிசார்ட்டு பூரா ஆளு. சாரல் கொட்டுது. காவலாளிங்க எல்லாம் முன்வாசல் கூண்டுக்குள்ள ஒதுங்கிட்டானுக. இவுக பின்பக்கம் ஓடை வழியா ஏறி, சுவரு மேல சாஞ்சு கிடந்த பலா மரத்தைப் பிடிச்சு உள்ள இறங்கிட்டாக. ஒரு பழத்தைக் காவலாளியோட சாப்பாட்டுத் தூக்குச் சட்டி மேல வச்சாக. ஒண்ணு கேமரா ரூமுல டிவிப் பெட்டி மேல. ஒண்ணு வரவேற்பு மேஜை டிராயருக்குள்ள. ஒண்ணு சமையக்கட்டுல அரிசி டிரம்முக்குள்ள. அஞ்சாவது பழம், முதலாளி குடும்பம் அந்தக் காம்பவுண்டுக்குள்ளயே இருக்க வீட்டுல, கட்டில் மேல, தலையணைக்கு நட்ட நடுவுல. அப்படியே வந்த வழியில திரும்பி, மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து என்கூட உக்காந்து வடை தின்னாக.

மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வேலைக்குப் போனாக. ரிசார்ட்டு வாசல்ல பாதி ஆளு மூட்டையைக் கட்டிட்டு நிக்கான். சமையக்காரரு ரெண்டு பேரு ஊருக்கே போயிட்டாங்க. முதலாளி வீட்டம்மா கட்டில் பக்கமே போவ மாட்டேன்னு அழுதுக்கிட்டு காருக்குள்ள உக்காந்திருக்காங்க. செங்கோட்டைக்கு அங்கிட்டு கேரளாவுல இருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டிட்டு வந்து, முன்ஹாலுல கலர்ப் பொடியால களம் போட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்காங்க. அஞ்சு பழமும் ஒரு வாழையிலையில வரிசையா இருக்கு. யாரும் கையால தொடலையாம், கரண்டியால தூக்கி வச்சிருக்காங்க.

மந்திரவாதி கண்ணை மூடிக்கிட்டு மலையாளம் கலந்து சொல்லியிருக்காரு, "இது சாதாரண கை அல்ல கேட்டோ. நிலத்துல கால் படாதவன் ஒருத்தன் உள்ள கேறியிருக்கான்."

பாத்திரம் தேய்க்கிறவ இதைச் சொல்லும்போது எனக்குப் புல்லரிச்சுது. அந்த மனுசன் சொன்னதுல என்ன தப்பு? சரியாத்தானே சொல்லியிருக்காரு.

இவுக நேரா முதலாளி முன்னால போய் அட்டென்ஷன்ல நின்னு, "சார், அஞ்சும் நான் வச்சதுதான். ஓட்டை எங்கெங்க இருக்குன்னு சொல்லட்டுமா?"ன்னாக. முதலாளிக்கு முதல்ல ஒண்ணும் புரியல. புரிஞ்சதும் கேட்ட முதல் கேள்வி, "எங்க வீட்டம்மா இருக்கும்போது பெட்ரூமுக்குள்ள எப்படிய்யா போன?" இவுக உண்மையைச் சொன்னாக. "அம்மா ரூமுல இல்ல சார். பால்கனியில நின்னு அவங்க தங்கச்சிகிட்ட போன் பேசிக்கிட்டு இருந்தாங்க. சாரல் பால்கனிக்குள்ள அடிக்கவும் துண்டை எடுக்க உள்ள வந்தாங்க, அப்ப நான் கதவுக்குப் பின்னால இருந்தேன்." அதை மட்டும் சொல்லாம விட்டிருந்தாக்கூட வேலை தப்பியிருக்கும். எந்தப் புருசன் இதைக் கேட்டுட்டுச் சும்மா இருப்பான்? உன் மச்சான் முகத்துக்காகத்தான் போலீசுக்குப் போகாம விடுதேன், திரும்பிப் பாக்காம போயிருன்னு அனுப்பிட்டாரு.

பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துட்டாக. செருமக்கூட இல்ல. மெஷின் பக்கத்துல வந்து நிக்காக. என்னன்னு கேட்டேன், ஒண்ணு விடாம சொன்னாக. நான் கத்தரிக்கோலைக் கீழ வச்சுட்டேன்.

"உங்களுக்குக் கூறு இருக்கா அத்தான்? வைக்கிறதுக்கு வேற பொருளே கிடைக்கலையா? எலுமிச்சம்பழத்தையா வப்பாக? அதுவும் ஆடி அமாவாசை அன்னைக்கு?"

"ஏன், எலுமிச்சம்பழத்துக்கு என்ன?"

நடிப்பு இல்ல. அந்த முகத்தை நான் பாத்தேன். உண்மையிலேயே தெரியல. தலையணையில பழம் இருந்தா செய்வினைன்னு எங்க ஊருல மூணு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். ரோட்டு முக்குல கிடந்தாலே தாண்டாம சுத்திப் போவோம். இவுகளும் இதே தெருவுல வளந்தவுகதானே. நான் எடுத்துச் சொல்லச் சொல்ல, "ஆமாட்டி, எங்கம்மா சொல்லுவா, ஆமா"ன்னு ஒவ்வொண்ணா ஞாபகம் வந்தது.

அப்புறந்தான் அவுக படை வழக்கத்தைச் சொன்னாக. அவுக வேலையைப் பத்தி என்கிட்ட வாயைத் திறந்து சொன்னது அன்னைக்குத்தான் முதல் தடவை. ஒரு காவல் இடத்தைச் செக் பண்ணுன்னு சொன்னா, அங்க போய் எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டுட்டு வாரது இல்லையாம். யாருக்கும் தெரியாம உள்ள புகுந்து, பொறுப்பாளு படுக்கையில கையில கிடைச்ச ஒரு பொருளை வச்சுட்டு வந்துரணுமாம். உருளைக்கிழங்கு, பிஸ்கட்டு, கல்லு, எதுவா இருந்தாலும் சரி. அதைப் பாத்தா அந்தப் பொறுப்பாளு கோவப்பட மாட்டாராம். வச்சது யாருன்னு கேட்டுக் கூப்பிட்டு, தன் கையாலயே டீ போட்டுக் குடுப்பாராம். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து ஓட்டை எங்கன்னு பேசுவாங்களாம். அந்த ஓட்டையை அடைக்கிற வரைக்கும் அவரு லீவுல போகக்கூடாது, டிக்கெட் எடுத்திருந்தாலும் கிழிச்சுப் போட்டுரணும்.

"டீ குடுப்பாருன்னு நெனைச்சுத்தாம்ட்டி போனேன்"னாக.

கரண்டியால பழத்தைத் தூக்கினதை நெனைச்சு எனக்குச் சிரிப்பு வந்துட்டு. என்னைப் பாத்து அவுகளும் சிரிச்சாக. கண்ணுல தண்ணி வருத மட்டும் சிரிச்சோம். சிரிப்பு அடங்கின பிறகு அவுக தரையைப் பாத்துக்கிட்டே, "எனக்கு ஊரே மறந்துபோச்சு"ன்னாக. அந்த ஒரு வார்த்தை என்னைப் போட்டு என்னமோ செஞ்சுது.

ஊரு சும்மா இருக்குமா? ஒரே வாரத்துல பேச்சு பக்கத்து ஊரு கடையம் வரைக்கும் போயிட்டு. மிலிட்டரிக்காரரு வடக்க போய் வசியம் கத்துட்டு வந்திருக்காருன்னு ஒருத்தி, சுவரு ஊடே நடந்து போவாருன்னு ஒருத்தி. நான் குடுத்து விட்ட பழத்தை எல்லாம் வாய்க்கால்ல போட்டதா ஒருத்தி என்கிட்டயே வந்து சொல்லுதா. தைக்கக் குடுத்த ரவிக்கைத் துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போனவளும் உண்டு. இன்னொருத்தி குரலைத் தாழ்த்தி, "மருமக தலையணையில ஒண்ணு வைக்கச் சொல்லுதியா"ன்னு கேட்டா. வாசலைக் காட்டினேன். இது எல்லாத்தையும் நான் தாங்கிக்கிட்டேன். ஆனா வேலை கேட்டுப் போற இடத்துல எல்லாம் இவுகளைப் பாத்ததும் ஒரு சிரிப்பு, ஒரு பயம். ஒரு ஆஸ்பத்திரியில வரச் சொல்லிட்டு, ஆளு யாருன்னு தெரிஞ்சதும் இடம் இல்லன்னுட்டாங்க.

ஆடி முடிஞ்சுது. அருவியில தண்ணி குறைஞ்சுது. கொச்சிக்காரரு மறுபடி போன் பண்ணினாரு. இவுக சரின்னுட்டாக.

நான் சண்டை போடல. சண்டை போட என்கிட்ட ஒண்ணும் மிச்சம் இல்ல. சீசன் முடியட்டும்னு சொன்னாக, முடிஞ்சுது. பேச்சு மாறாத ஆளு. ராத்திரி ரயிலுக்கு டிக்கெட்டு. மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது அவ தலையைத் தடவிட்டு வந்து, சட்டை எல்லாத்தையும் ஒரே அளவா மடிச்சுப் பையில அடுக்கினாக. நான் வாசல்ல உக்காந்து கொக்கி தைச்சுக்கிட்டு இருந்தேன். ஊசி விரல்ல நாலு தடவை ஏறிட்டு.

மத்தியானம் சாப்பிட்டுட்டு பாயை விரிச்சுப் படுத்தாக. தலைமாட்டுல பை. வெளிய கடைசிச் சாரல் மாதிரி லேசாப் பெய்யுது. கொஞ்ச நேரத்துல மூச்சு சீரா வந்தது. நான் அடுப்படியில பாத்திரம் கழுவிக்கிட்டு நிக்கேன். மூலையில எங்கண்ணன் அனுப்பின சாக்கு. அதைப் பாத்தேன். எவ்வளவு நேரம் பாத்தேன்னு தெரியாது. பிறகு சாக்கை அவுத்து ஒரு பழத்தை எடுத்துச் சேலையில துடைச்சேன்.

கொலுசைக் கழட்டி வச்சுட்டு நடந்தேன். பூனை மதில்ல நடந்தாலே முழிச்சுக்கிடுத ஆளு. நெஞ்சு அடிக்கிற சத்தமே கேட்டுருமோன்னு இருந்தது. பக்கத்துல மண்டியிட்டு, ஜிப்பை அங்குலம் அங்குலமாத் திறந்து, மடிச்ச சட்டைக்கு மேல பழத்தை வச்சுட்டு மூடினேன். அவுக அசையல. நான் அடுப்படிக்கு வந்து சுவத்துல சாஞ்சு நின்னுட்டேன். 

சாயங்காலம் எந்திரிச்சு, முகம் கழுவி, டிக்கெட்டை உள்ள வைக்கப் பையைத் திறந்தாக. கை அப்படியே நின்னுட்டு. பழத்தை எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்தாக. நான் நிலைப்படியில நின்னேன்.

"யாரு வச்சது?"ன்னாக.

"நாந்தான் வச்சேன். இந்த வீட்டுல ஓட்டை இருக்கு. அதை அடைக்காம நீங்க போகக்கூடாது."

 அழுகை வந்துட்டு. நீங்க போகாதீக, எனக்கு நீங்க வேணும்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவுக என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போனாக. பால் பாத்திரத்தைத் தேடினாக. டீ போட்டாக. சர்க்கரையை அள்ளிக் கொட்டி, பாயசம் மாதிரி ஒரு டீ. டம்ளரை என் கையில குடுத்துட்டு, டிக்கெட்டை நாலாக் கிழிச்சு அடுப்புப் பக்கம் வச்சாக. அப்புறம் கொச்சிக்குப் போன் போட்டு இந்தியில என்னமோ சொன்னாக. சின்னப் பேச்சுதான், சீக்கிரம் முடிஞ்சுது.

இப்ப எங்கண்ணன் மண்டியில இருக்காக. லோடு ஏத்திவிட்டு, லாரி கூடவே கேரளா பக்கம் போய் இறக்கிட்டுத் திரும்பி வருவாக. மண்டிக்காரங்க, "அண்ணாச்சி, அஞ்சு பழம் எடுத்துக்கிடுங்க, தேவைப்படும்"னு கேலி பண்ணுவாங்க. அவுகளும் சிரிச்சுக்கிடுவாக. இது அவுக கத்த வித்தைக்கு உண்டான வேலை இல்லன்னு எனக்குத் தெரியும். கூட இருந்தவங்க யாராவது கப்பல்ல இருந்து போட்டோ அனுப்பினா அன்னைக்கு அவுகளுக்குச் சோறு இறங்காது. காலையில ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, மண்டிக்குப் போகும்போது செருப்பைத்தான் மாட்டிட்டுப் போறாக. மக நர்சிங்குக்கு இன்னும் கடன் வாங்கத்தான் வேண்டியிருக்கும். எல்லாம் சரியாப்போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.

போன மாசம் ஒருநாள் காலையில லாரியில எர்ணாகுளம் கிளம்பினாக. ரெண்டே நாள் பயணம், ரெண்டே சட்டை. அதுக்கும் அதே பச்சைப் பை. ஜிப்பை இழுத்து, பூட்டைப் போட்டு, ஆட்டிப் பாத்துட்டு சாவியைச் சட்டைக்குள்ள விட்டாக. நான் டீயைக் குடுக்க வந்தவ அப்படியே நின்னுட்டேன். அத்தனை நாளும் எனக்கு அது தோணவே இல்ல.

"அத்தான், அன்னைக்குப் பையில பூட்டு இல்லையே."

டம்ளரை வாங்கிக்கிட்டாக. "நீ சாக்கை அவுக்கும்போதே எனக்குக் கேட்டுட்டு"ன்னாக.

"அது சரி. பூட்டை எப்பக் கழட்டினீக?"

ஒரு செருமல். டீயைக் குடிச்சு முடிச்சாக. தெரு முக்குல லாரி ஹாரன் அடிக்குது. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போனவுக திரும்பி நின்னாக.

"படுக்கும்போதே கழட்டிட்டேன். நீ வராம போயிருவியோன்னுதாம்ட்டி பயமா இருந்தது."